வீடளவு ஷைத்தான், ஈயளவு ஷைத்தான்





பேய்ப்படம் பார்த்துவிட்டு இரவில் பயந்து எழும் பிள்ளை, "அது நெசமாவே இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஓர் எளிய பதில் தயாராக இருக்கும். "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, தூங்கு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிடுவார்கள். நமக்கு அந்தப் பதில் முழுமையாகக் கைகொடுப்பதில்லை. ஜின் என்றொரு படைப்பு உண்டு, ஷைத்தான் மனிதனின் பகிரங்க விரோதி என்று நாம் நம்புகிறோம். 'அல்ஜின்' என்ற பெயரிலேயே குர்ஆனில் ஒரு சூரா இருக்கிறது. மதரஸாவில் இதைக் கற்கும் பிள்ளையிடம் "ஒன்றும் கிடையாது" என்று சொன்னால், "ஹஜ்ரத் அப்படிச் சொல்லவில்லையே" என்று அது திருப்பிக் கேட்கும். கேட்பதும் நியாயம்தான்.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டிற்கு 'தி நன்' என்ற ஆங்கிலப் படத்தின் வழியாக வந்தது. விடுமுறையில் உறவினர் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து அதைப் பார்த்த என் இளைய மகள், 11 வயதுக்காரி, இஷாவுக்கு ஒளூச் செய்யக்கூடத் தனியே போகத் தயங்கினாள். அவள் எதைக் கண்டு பயந்தாள் என்று தெரியாமல் அவளுக்கு ஆறுதல் சொல்ல இயலாது என்பதால், ஒரு பகல் பொழுதில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு நானும் அதைப் பார்த்தேன். அப்போது எழுந்த சிந்தனைகளை, இதே கேள்வியைச் சந்திக்கும் மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

படம் சொல்வது என்ன?

2018 செப்டம்பரில் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் கோரின் ஹார்டி. 'கான்ஜுரிங்' என்னும் பேய்ப்பட வரிசையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 2.2 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த வெற்றியால் 2023இல் இரண்டாம் பாகமும் வந்தது.

கதை 1952ஆம் ஆண்டு ருமேனியாவில் நிகழ்கிறது. காட்டின் நடுவே பழங்காலக் கோட்டை ஒன்று கன்னியர் மடமாக இருக்கிறது. அங்கே ஓர் இளம் கன்னியாஸ்திரி தூக்கிட்டு இறக்கிறாள். அதை விசாரிக்க வத்திக்கான் ஒரு பாதிரியாரையும், துறவற வாக்குறுதியை இன்னும் எடுக்காத ஐரீன் என்ற இளம்பெண்ணையும் அனுப்புகிறது. முற்காலத்தில் அக்கோட்டையில் வாழ்ந்த ஒரு பிரபு தீய சக்தியை வரவழைக்க ஒரு வாயிலைத் திறந்தான் என்றும், அது அடைக்கப்பட்டது என்றும், இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளால் மீண்டும் திறந்துகொண்டது என்றும் கதை விரிகிறது. வெளியேறிய தீய சக்தி, கன்னியாஸ்திரியின் அங்கியை அணிந்து இருட்டில் உலவுகிறது. அதன் பெயர் வாலக்.

என் மகளை அதிகம் பாதித்தவை இரண்டு காட்சிகள். மடத்தின் அடித்தளத்தில் ஒரு கதவு இருக்கிறது. இறைவன் இவ்விடத்தோடு முடிகிறான் என்னும் பொருள்பட அதில் இலத்தீன் மொழியில் எழுதியிருக்கிறது. அக்கதவுக்கு அப்பால் இறைவனின் ஆட்சி இல்லை என்பது படத்தின் எண்ணம். இன்னொரு காட்சியில், சுற்றிலும் கன்னியர் அமர்ந்து பிரார்த்திக்க, அவர்களோடு சேர்ந்து ஐரீனும் பிரார்த்திக்கிறாள். பிறகுதான் அங்கே வேறு எவருமே இல்லை, தான் மட்டும் தனியாக இருந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிகிறது. வணக்கம் இங்கே ஒரு மெல்லிய சுவராகவும், ஷைத்தான் அதை இடித்துத் தள்ளும் பெரும் வெள்ளமாகவும் காட்டப்படுகின்றன. இறுதியில் ஐரீன் வெல்கிறாள் என்பது உண்மை. ஆனால் படம் முடிந்த பின் பிள்ளையின் மனத்தில் தங்குவது அந்த வெற்றி அன்று. கதவும் தனிமையும்தான் தங்குகின்றன.

பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. தன் உடல் வழியாகத் தீய சக்தி வெளியேறிவிடக் கூடாது என்று ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொள்வதை இப்படம் தியாகம்போல் காட்டுகிறது. எந்தக் காரணத்திற்காகவும் உயிரை மாய்த்துக்கொள்வது நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. உயிர் நமக்குச் சொந்தமானது அன்று, அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். வளரும் பிள்ளை இதைப் பார்த்துவிட்டதென்றால் இந்த ஒன்றைப் பேசாமல் விட்டுவிடக் கூடாது.

இறைவன் முடிந்துபோகும் இடம் உண்டா?

நீங்கள் எங்கிருந்தாலும் அவன் உங்களோடு இருக்கிறான் என்று குர்ஆன் கூறுகிறது (57:4). கிழக்கும் மேற்கும் அவனுக்கே உரியவை, எப்பக்கம் திரும்பினாலும் அங்கே அவனுடைய முகம் இருக்கிறது என்றும் கூறுகிறது (2:115). இவ்வசனங்களை ஓதுகிறவருக்கு, அல்லாஹ்வின் ஆட்சிக்கு அப்பாற்பட்ட அறை என்று ஒன்று எந்தக் கோட்டையின் அடியிலும் இருக்க முடியாது. ஷைத்தான் நிற்கும் இடமும் அவனுடைய நாயனின் இடமே.

ஷைத்தானின் வலிமையைப் பற்றியும் குர்ஆன் தெளிவாகவே பேசுகிறது. அவனுடைய சூழ்ச்சி பலவீனமானது (4:76). ஈமான் கொண்டு தங்கள் இறைவனையே சார்ந்திருப்போர்மீது அவனுக்கு அதிகாரம் இல்லை (16:99). மறுமை நாளில் அவனே தன்னைப் பின்பற்றியவர்களை நோக்கி, உங்கள்மீது எனக்கு எந்த அதிகாரமும் இருந்ததில்லை, நான் அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், அவ்வளவுதான் என்று கைவிரித்துவிடுவான் (14:22). ஆகவே அவனுடைய வேலை அழைப்பது. நம்மை அலட்சியமாக்கி, தொழுகையைப் பிற்படுத்தி, ஒருவரை ஒருவர் வெறுக்கச் செய்து அவன் அழைக்கிறான். அவனைக் குறித்து நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது அங்கேதான்.

வாலக் என்ற பெயரும் சுலைமான் நபியும்

இப்படத்திற்கும் நமக்கும் பலரும் அறியாத ஒரு தொடர்பு இருக்கிறது. வாலக் என்ற பெயர் திரைக்கதை ஆசிரியர்களின் கற்பனையில் உதித்ததன்று. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தொகுக்கப்பட்ட ஒரு மாந்திரீக நூலில் 72 தீய ஆவிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் இந்தப் பெயரும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அந்த நூலில் வாலக்கிற்குக் கன்னியாஸ்திரி உருவம் கிடையாது. இரட்டைத் தலை டிராகனின்மீது சவாரி செய்யும், சிறகு முளைத்த சிறுவனாகவே அது வருணிக்கப்படுகிறது.

அந்த மாந்திரீக நூலுக்கு யாருடைய பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் தெரியுமா? நபி சுலைமான் (அலை) அவர்களின் பெயரை! 'சாலமோனின் சிறிய திறவுகோல்' என்று அது அழைக்கப்படுகிறது. ஜின்களை அவர்கள் மந்திரத்தால் அடக்கினார்கள் என்ற பழைய கதையின் தொடர்ச்சி அது. அந்த நூல் தொகுக்கப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆன் அப்பழியைத் துடைத்துவிட்டது. சுலைமான் நிராகரிக்கவில்லை, ஷைத்தான்களே நிராகரித்து மனிதர்களுக்குச் சூனியத்தைக் கற்பித்தார்கள் என்று சூரா அல்பகரா கூறுகிறது (2:102). சூனியம்கூட அல்லாஹ்வின் அனுமதியின்றி எவருக்கும் தீங்கிழைக்காது என்று அதே வசனம் சேர்த்துச் சொல்கிறது.

ஜின்கள் சுலைமான் நபிக்கு அடங்கி உழைத்தது அல்லாஹ்வின் கட்டளையால் நடந்தது. அவை பெரிய கட்டடங்களையும் பாத்திரங்களையும் செய்து கொடுத்தன. அவர்கள் கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே வஃபாத்தான பிறகும், அது தெரியாமல் ஜின்கள் வேலை செய்துகொண்டே இருந்தன. தடியை ஒரு பூச்சி அரித்து அவர்களின் உடல் கீழே விழுந்த பின்னர்தான் அவற்றுக்கு விஷயம் தெரிந்தது (34:14). படத்தில் வரும் தீய சக்திக்கு ஒவ்வொருவரின் கடந்த காலமும் மனத்தின் இரகசியமும் தெரிகின்றன. குர்ஆன் காட்டும் ஜின்களுக்கோ, எதிரில் நிற்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியவில்லை.

பள்ளிவாசல் தூணில் கட்டப்பட இருந்த ஜின்

வணக்கத்தலம் ஒன்றில் தீய சக்தி நுழைந்தால் என்ன ஆகும்? படம் ஒரு விதமாகச் சொல்கிறது. நம்மிடம் வேறொரு சம்பவம் இருக்கிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது.

நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவு தொழுதுகொண்டிருக்கையில் ஜின்களில் முரடனான இஃப்ரீத் ஒருவன் தொழுகையைக் குலைக்க வந்தான். அவனை வெல்லும் ஆற்றலை அல்லாஹ் அவர்களுக்கு அளித்தான். காலையில் எல்லாரும் பார்க்கும்படி அவனைப் பள்ளிவாசல் தூணில் கட்டிவைக்க அவர்கள் எண்ணினார்கள். தமக்குப் பின் எவருக்கும் கிட்டாத ஆட்சியைத் தருமாறு சுலைமான் நபி கேட்ட துஆ நினைவுக்கு வரவே, அவனை இழிவுற்றவனாக விரட்டிவிட்டார்கள். அந்தத் துஆ மட்டும் இல்லாதிருந்தால் அவன் கட்டிப்போடப்பட்டு, மதீனாவின் சிறுவர்கள் அவனை வைத்து விளையாடியிருப்பார்கள் என்று முஸ்லிமின் ஓர் அறிவிப்பு கூறுகிறது.

இதை என் மகளிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு, "உம்மா, அந்தப் பிள்ளைங்க அவன் மேல கல்லு எறிஞ்சிருப்பாங்களா, இல்ல வாலைப் பிடிச்சு இழுத்திருப்பாங்களா?" என்று கேட்டாள். வால் இருந்ததாக ஹதீஸில் இல்லை என்றேன். சிரித்தாள். அச்சம் அன்றே முழுவதும் விலகிவிடவில்லை. ஆனால், தன் வயதுப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகியிருக்கக்கூடிய ஒன்றை மறுபடி பழைய அளவில் நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

ரமளான் ஜகாத் தானியத்தைக் காவல் காத்த அபூஹுரைரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்தது. மூன்று இரவுகள் ஒருவன் தானியம் திருட வந்து பிடிபட்டான். ஏழை என்றும் குடும்பஸ்தன் என்றும் கெஞ்சினான். மூன்றாம் இரவு, படுக்கைக்குச் செல்லும்போது ஆயத்துல் குர்ஸி ஓதினால் விடியும்வரை அல்லாஹ்வின் பாதுகாவல் இருக்கும், ஷைத்தான் நெருங்கமாட்டான் என்று சொல்லிக் கொடுத்துத் தப்பினான். அவன் பொய்யனாயினும் உன்னிடம் உண்மையைச் சொன்னான், அவன்தான் ஷைத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இது புகாரியில் உள்ளது. தானியத்தை அள்ளும்போது கையும் களவுமாகப் பிடிபட்டு, பிழைப்புக்காகக் கெஞ்சுகிறவனாகவே ஷைத்தான் இங்கே வருகிறான்.

அச்சம் தயாரிக்கப்படும் விதம்

பிள்ளைகளுக்குத் திரையின் பின்புறத்தையும் காட்ட வேண்டும். அந்தக் கன்னியாஸ்திரி உருவம் முதலில் 2016இல் வந்த 'கான்ஜுரிங் 2' படத்தில் தோன்றியது. அப்படத்தின் முதல் படப்பிடிப்பில் அது இல்லை. பின்னர் நடந்த மறு படப்பிடிப்பில்தான் இயக்குநர் ஜேம்ஸ் வான் அதைச் சேர்த்தார். போனி ஏரன்ஸ் என்ற நடிகை வெள்ளைப் பூச்சோடும் மஞ்சள் கண்களோடும் நடித்த வேடம் அது. எந்த உருவம் அதிகம் நடுங்க வைக்கும் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சரக்கு.

2018 ஆகஸ்டில் இப்படத்திற்காக யூடியூப்பில் ஒரு குறு விளம்பரம் வந்தது. ஒலி அளவைக் குறைப்பதுபோன்ற குறியீடு திரையில் தோன்றும். பார்ப்பவர் நம் ஒலி குறைந்துவிட்டதோ என்று எண்ணும் நொடியில் பெரும் அலறலோடு அந்த முகம் பாயும். புகார்கள் எழவே, அதிர்ச்சியூட்டும் உள்ளடக்கம் குறித்த விதியை மீறியதாகக் கூறி யூடியூப் அதை நீக்கியது. அமைதி, இருட்டு, திடீர்ச் சத்தம் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் பேய்ப்படத்தில் எஞ்சுவது மிகக் குறைவு. ஒலியைக் குறைத்துப் பார்த்தபோது நான் கண்டதும் அதுவே.

1952இல் உண்மையில் நடந்தது

படத்தின் மடத்திற்குப் புனித கார்த்தா என்று பெயர். ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில் கார்ட்ஸா என்ற ஊரில் உண்மையாகவே பழைய மடம் ஒன்று இருக்கிறது. அது 13ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தது. ஆண் துறவியருக்குரியதாக இருந்து, 1474இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. இன்று பெரும்பகுதி சிதைந்து நிற்கிறது. 1952இல் அங்கே கன்னியர் எவரும் இல்லை.

ஆனால் அந்த ஆண்டில் ருமேனியாவின் வணக்கசாலிகளுக்கு அச்சம் இல்லாமல் இல்லை. நாத்திகக் கம்யூனிச அரசு 1948 டிசம்பரில் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையைச் சட்டவிரோதமாக்கியது. 1949இல் கத்தோலிக்கத் துறவு சபைகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்தது. ஆயர்களைக் கைது செய்து சிறையில் அடைத்தது. நம்பிக்கையைக் கைவிட மறுத்து அவர்களில் சிலர் சிகெத் சிறையிலேயே இறந்தார்கள். படத்தில் இந்த அரசைக் குறித்த பேச்சே கிடையாது. மடத்தின் உள்ளே இல்லாத பேயை உலவவிட்டு, வெளியே இருந்து வந்த மெய்யான கொடுமையை அது மறந்துவிடுகிறது.

நாஸ் சூராவின் இறுதியில் நாம் ஜின்களின் தீங்கிலிருந்து மட்டும் பாதுகாவல் தேடுவதில்லை. உள்ளங்களில் ஊசலாட்டம் போடும் மனிதர்களின் தீங்கிலிருந்தும் தேடுகிறோம். அந்தக் கடைசிச் சொல்லின் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்க, ருமேனியாவின் இந்த வரலாறு போதும்.

கறுப்பு அங்கி

இனிச் சொல்வது சற்று மனத்தை வருத்தும் செய்தி. ரமளானில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்து அடுக்ககத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை. கறுப்புப் பர்தாவும் முகத்திரையுமாக நான் திருப்பத்தில் தெரிந்ததும், மேலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டுச் சிறுவன், "நன்! நன்!" என்று அலறிக்கொண்டு ஓடினான். தினமும் என்னை 'ஆன்ட்டி' என்று அழைத்து மிட்டாய் வாங்கிக்கொள்ளும் பிள்ளை அது. திரையை விலக்கி அவன் பெயரைச் சொல்லி அழைத்த பிறகே நின்றான். அவனுடைய தாயார் கூச்சத்தோடு பலமுறை வருத்தம் தெரிவித்தார். அவர்கள்மீது குறை சொல்ல எதுவும் இல்லை. அப்பிள்ளையின் கண்ணில் அந்த உருவத்தைப் பதித்தது திரைப்படம்.

அன்றிரவு நான் எண்ணியது என்னைப் பற்றி மட்டுமன்று. பாளையங்கோட்டையில் அருட்சகோதரிகள் நடத்திய பள்ளி ஒன்றில் நான் படித்தேன். நம் சமுதாயத்தில் எத்தனையோ பெண்கள் அப்படிப் படித்தவர்கள்தாம். எங்கள் தலைமை ஆசிரியையான அருட்சகோதரி, ரமளானில் நோன்பு வைத்த மாணவியரை வெயிலில் விளையாட விடமாட்டார். லுஹர் தொழுவதற்கு நூலகத்தின் பின்னறையைத் திறந்து கொடுத்து, பாயும் விரித்து வைப்பார். முக்காடிட்ட அந்த முகம் எங்களுக்கு ஆதரவின் முகமாக இருந்தது. இன்று அதே அங்கியைக் கண்டு குழந்தைகள் அலறுகிறார்கள். அதை அணிந்தவர்களுக்கு அது எப்படி வலிக்கும் என்பது, நம் உடை சந்தேகத்தின் அடையாளமாகத் திரைப்படங்களில் காட்டப்படும்போது வலிக்கும் நமக்குத் தெரியாதா?

துறவறத்தை அல்லாஹ் விதிக்கவில்லை என்று குர்ஆன் சொல்கிறது (57:27). அந்த வழி நம்முடையதன்று. எனினும் அவர்களுள் கர்வம் கொள்ளாத துறவியர் உண்டு என்றும் அதே குர்ஆன் நன்மையாகச் சொல்கிறது (5:82). அல்லாஹ்வின் பெயர் அதிகமாக நினைவுகூரப்படும் இடங்களை எண்ணும்போது, பள்ளிவாசல்களுக்கு முன்பாகத் துறவியர் மடங்களையும் எண்ணுகிறது (22:40). ஆகவே நம் பிள்ளைகள் தெருவில் ஓர் அருட்சகோதரியைக் கண்டால் 'நன்' என்று கேலி செய்யக் கூடாது. ஒதுங்கி வழிவிட்டு மரியாதை செய்ய வேண்டும். இதையும் சேர்த்தே கற்றுக் கொடுப்போம்.

நாம் செய்யத் தக்கவை

இத்தகைய படங்களைப் பிள்ளைகளின் கண்ணிலிருந்து தள்ளிவைப்பதே முதல் வழி. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பிஞ்சு மனத்திற்கு இதில் எந்த நன்மையும் இல்லை என்பதை அறிய ஒரு தாய்க்குத் தீர்ப்பு தேவையில்லை. எனினும் கைபேசி நிறைந்த காலத்தில் எப்படியோ பார்த்துவிட்டு வருவார்கள். அப்போது கேலி செய்யாதீர்கள். தாயத்துத் தேடி அலையவும் வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் துஆ ஓதிப் பாதுகாவல் தேடினார்கள். இப்ராஹீம் நபி தம் மக்கள் இஸ்மாயீல், இஸ்ஹாக் இருவருக்காகத் தேடிய சொற்கள் அவை என்றும் கூறினார்கள். அந்தத் துஆவைக் கற்று, பிள்ளையின் அருகில் அமர்ந்து நீங்களே ஓதுங்கள்.

அந்தி சாயும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டினுள் வைத்துக்கொள்ளவும், அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவைச் சாத்தவும் நமக்கு ஏவப்பட்டிருக்கிறது. அவ்வாறு சாத்திய கதவை ஷைத்தான் திறப்பதில்லை என்பது நபிமொழி. எனவே இரவில் கதவைச் சாத்தும் வேலையைப் பயந்த பிள்ளையிடமே கொடுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி அதுவே தாழ்ப்பாள் போடட்டும். பிறகு குல் சூராக்கள் மூன்றையும் ஓதி உள்ளங்கைகளில் ஊதி, உடலில் தடவிக்கொண்டு படுக்கட்டும்.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களோடு வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்த ஒருவர், வாகனம் இடறியபோது, ஷைத்தான் நாசமாகட்டும் என்றார். அப்படிச் சொல்லாதே என்று தடுத்தார்கள். அப்படிச் சொன்னால், தன் பலத்தால்தான் இது நடந்தது என்று அவன் ஒரு வீட்டின் அளவுக்குப் பருத்துவிடுவான், பிஸ்மில்லாஹ் என்று சொன்னால் ஓர் ஈயின் அளவுக்குச் சிறுத்துவிடுவான் என்றார்கள். ஷைத்தானைச் சபித்தால்கூட அவன் பருப்பான் என்றால், கோடிக்கணக்கான டாலர் செலவில் அவனுடைய வல்லமையைப் படம்பிடித்துக் காட்டினால் எவ்வளவு பருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். அவனைச் சிறுக்க வைக்கும் சொல்லோ, பேசத் தொடங்கிய நாளிலேயே நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களில் அவனைப் பற்றிய அச்சத்தை மட்டும் நிறைத்து, மற்றெல்லா அச்சங்களிலிருந்தும் அவர்களைப் பாதுகாப்பானாக! நம் வீடுகளை அவனுடைய திக்ரால் ஒளிபெறச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.